சாரண்டா வனத்துச் சிறு குருவி

ஹௌராவிலிருந்து நாகபுரி மார்க்கமாக மும்பைக்குச் செல்லும் வண்டியில் நம் வாசகர்களில் பலர் பிரயாணம் செய்திருப்பீர்கள். டாட்டாநகரில் பாதி வண்டி காலியாகும். சக்ரதர்பூரில் ரயில்வேக்காரர்கள் இறங்கிக் கொள்வார்கள். அதற்கு மேல் ரூர்கேலா வரும் வரையில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்துக்குப் பெரிய ஊர் எதுவும் இல்லை. பிரயாணிகள் படுக்கையை விரித்து விடுவார்கள். விழித்திருப்பவர்களும் ஜன்னலுக்கு வெளியே காடும் குன்றும் மாறி மாறி வருவதைக் கண்டு, "இன்னும் எவ்வளவு நேரமோ!" என்று அலுத்துக் கொள்வதோடு சரி. நானும் அவ்வாறு அலுத்துக் கொண்டவன்தான். அந்தக் காட்டின் நடுவிலேயே எனக்கு உத்தியோகம் அமையும் என்று அப்பொழுது தெரியாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மனோகர்பூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. டாட்டாநகரில் என் மகள் பள்ளியில் நன்றாகப் படித்துக் கொண்டிருந்தாள். ஆகவே மனைவியையும் மகளையும் அங்கேயே வாடகை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு பெட்டியும் ஓர் அடுப்புமாக நான் மட்டும் வந்து சேர்ந்தேன். வேண்டாதவனைத் தண்ணீர் இல்லாக் காட்டுக்கு மாற்றுவார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வது உண்டு. இங்கே தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. தமிழில் இரண்டு வார்த்தை பேசுவதற்குத்தான் ஆள் இல்லை.

தெற்குக் கோயல் என்னும் ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது. சாரண்டா வனத்திலிருந்து இறங்கி வரும் கோயினா ஆறு அதில் வந்து கலக்கிறது. இந்தக் கோயல்தான் ரூர்கேலாவுக்கு அருகே வேதவியாசர் என்னும் இடத்தில் சங்க நதியோடு கூடி, பிராமணி என்னும் பெயர் பெற்று, ஒடிசாவின் வழியே கடலுக்குச் செல்கிறது. சாரண்டா என்பதற்கு எழுநூறு குன்றுகள் என்று பொருள் சொல்கிறார்கள். எண்ணிப் பார்த்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஸ்டேஷனின் மேம்பாலத்தில் நின்று தெற்கே நோக்கினால், எழுநூறு என்பது குறைவோ என்றுகூடத் தோன்றும். குன்றுகள் முழுவதும் சால மரங்கள். பங்குனியில் அம்மரங்கள் பூக்கும்பொழுது இங்குள்ள ஹோ மக்கள் பாஹா என்னும் பூத்திருவிழாக் கொண்டாடுவார்கள். சாலப்பூவைக் காதிலும் கொண்டையிலும் செருகிக் கொண்டு அவர்கள் வரிசையாகக் கைகோத்து ஆடுவதைப் பார்க்கும்பொழுது, உத்தியோகம், மாற்றல், வாடகை முதலிய கவலைகள் சற்று விலகி நிற்கும்.

குன்றுகளின் வயிற்றில் இருப்பது இரும்பு. கிரிபுரு, மேகாஹாத்துபுரு, குவா, சிரியா என்ற பெயர்களைச் சரக்கு ரசீதுகளில் நான் நாள்தோறும் கேட்பதுண்டு. 'புரு' என்றால் ஹோ மொழியில் மலை. மழை பெய்தால் சில ஓடைகளில் செம்மண் குழம்பு போலத் தண்ணீர் வரும். ஜாம்ஷெட்பூரிலும் பொகாரோவிலும் ரூர்கேலாவிலும் உலை எரிவதற்கு இவ்வட்டாரத்து மண்தான் ஆதாரம் என்பதால் அதைப் பற்றி நாம் அதிகம் குறை கூறுவதற்கில்லை. நம்மில் பலருடைய சம்பளமும் அந்தச் சிவப்பு மண்ணிலிருந்து வந்ததே.

பெங்கால் நாகபுரி ரயில்வேக் கம்பெனியார் 1887இல் தோன்றி, நாகபுரியிலிருந்து ஆசன்சோல் வரையில் இப்பாதையை 1891இல் திறந்தார்கள். குன்றை வெட்டியும் குடைந்தும் போட்ட பாதை. கோயில்கேராவுக்கும் போசொய்த்தாவுக்கும் நடுவில் உள்ள சுரங்கத்துக்குள் வண்டி நுழையும்பொழுது குழந்தைகள் கூச்சலிடுவது உங்களுக்கு நினைவிருக்கலாம். 1955இல் தென்கிழக்கு ரயில்வே ஏற்பட்ட பின் இது சக்ரதர்பூர் கோட்டத்தில் இருக்கிறது. இப்பொழுது மின்சார எஞ்சின்கள் தாதுப்பொருள் வண்டிகளை இழுத்துக் கொண்டு இரவும் பகலும் ஓடுகின்றன. இந்த ஆரவாரத்துக்கு நடுவில், ஊர்க்குருவி அளவே உள்ள ஒரு பறவையைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். நான் மெட்ரிக்குலேஷன் தேறிய குமாஸ்தா. பறவை சாஸ்திரம் கற்றவன் அல்லன். அக்குருவியை முதலில் கண்டுபிடித்தவனும் நான் அல்லன். கண் தெரியாத என் தந்தையார்.

தந்தையார் இருப்பது தென்காசி மாவட்டத்தில், கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். ராமநதியில் சேரும் ஓடை ஒன்று எங்கள் தோட்டத்தின் பின்புறமாக ஓடுகிறது. என் தாயார் காலமான பிறகு அவர் தனியாகவே இருந்து வந்தார். சில ஆண்டுகளாக அவருக்குக் கண்ணழுத்த நோய். முதலில் பக்கவாட்டில் வருபவர்கள் தெரியவில்லை. பிறகு நேரே நிற்பவர்களும் மங்கினார்கள். மதுரையில் மருத்துவரிடம் காட்டியபொழுது, போன பார்வை இனித் திரும்பாது, இருப்பதைக் காப்பதற்குச் சொட்டு மருந்தைத் தவறாமல் விட வேண்டும் என்றார்கள். தனியாக இருக்கும் கிழவர் சொட்டு மருந்தைத் தவறாமல் எப்படி விடுவார்? இன்று வெளிச்சமும் இருட்டும் அவருக்குத் தெரியும், ஆள் நடமாட்டம் நிழலாகத் தெரியும், அவ்வளவுதான்.

"என்னோடு வந்து இருங்கள்" என்று ஒவ்வொரு முறையும் அழைப்பேன். "கண்ணும் தெரியாம, பாஷையும் தெரியாம அங்க வந்து நான் என்னய்யா செய்ய?" என்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. தெற்கு ரயில்வேக்கு மாற்றல் கேட்கலாம். ஆனால் சொந்த வேண்டுகோளின் பேரில் வேறு ரயில்வேக்குப் போகிறவனுக்குச் சீனியாரிட்டி கடைசிக்குப் போய்விடும். அந்த இடமும் எப்பொழுது கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. பதினான்கு ஆண்டு சர்வீசை அவ்வளவு எளிதில் விட்டுக் கொடுக்க மனம் வரவில்லை. விண்ணப்பப் படிவம் ஓராண்டாக என் மேஜை அறையில் கிடந்தது. இப்படி வெளியூரில் உழைக்கும் நம்மில் எத்தனை பேருடைய மேஜை அறையில் இத்தகைய தாள் ஒன்று கிடக்கிறதோ, அறியேன்.

சென்ற சித்திரையில் நானே ஊருக்குப் போய், "இரண்டு மாதம் மட்டும்" என்று உறுதி கூறி அவரை அழைத்து வந்தேன். கோடை விடுமுறையாதலால் மனைவியும் மகளும் மனோகர்பூருக்கு வந்து சேர்ந்தார்கள். குவார்ட்டர்ஸின் பின்வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அவரை உட்கார வைத்தோம். ஒரு வாரத்துக்குள் அவர், போகிற சரக்கு வண்டி நிறைவண்டியா காலிவண்டியா என்று சத்தத்தைக் கொண்டே சொல்லத் தொடங்கினார். சொல்வது தவறியதே இல்லை. ஆனால் எங்களோடு பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. "எப்ப டிக்கெட் போட்டிருக்க?" என்பதைத் தவிர வேறு கேள்வி இல்லை.

எங்கள் பின்வாசலுக்கு அப்பால் சுமார் ஐம்பது அடி தூரத்தில் ஒரு சிற்றோடை. இருபுறமும் மூங்கில், அதற்கு மேல் முட்புதர், அதற்கும் மேல் சால மரங்கள். வைகாசி பிறந்த ஒரு மாலை. பொழுது சாய்ந்து, காக்கைகளும் மைனாக்களும் அடங்கிவிட்டன. நான் ஆபீசிலிருந்து வந்து முகம் கழுவிக் கொண்டிருந்தேன். தந்தையார் திடீரென்று கையை உயர்த்தினார்.

"ஏய்யா, சத்தங் காட்டாத. இது நம்ம ஓடைக்கரைக் குருவியில்லா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. சின்னஞ்சிறு வெண்கல மணிகள் ஆறேழு, ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு விழுந்தாற்போல ஓர் ஒலி. சற்று நேரம் மௌனம். மறுபடியும் அதே உருளல். நடுநடுவே நாக்கைத் தட்டுவது போல 'டிக், டிக்' என்று ஓசை.

"உங்கம்மா விளக்குப் பொருத்துத நேரத்துல இது கெடந்து கத்தும். பேரு கீரு ஒண்ணும் கிடையாது. ஓடைக்குருவிம்போம்" என்றார். அன்று இரவு அவர் வழக்கத்தைவிட ஒரு தோசை அதிகம் சாப்பிட்டார் என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதே ஓடைக்கரையில் பதினெட்டு வயது வரையில் வளர்ந்தவன் நான். அந்தக் குரலைக் கேட்ட நினைவே எனக்கு இல்லை. மறுநாள் காலை மகளை அழைத்துக் கொண்டு மூங்கில் புதருக்குப் போனேன். முதல் நாள் காணவில்லை. குரல் மட்டும் ஒரு பக்கம் கேட்கும், போனால் மறுபக்கம் கேட்கும். இரண்டாம் நாள், நிழலுக்குள் தரையிலிருந்து ஆள் உயரத்தில் ஒரு கொம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. முதுகும் தலையும் வாலும் கருநீலம். நெற்றியிலும் தோளிலும் அந்த நீலம் பளிச்சென்று மின்னுகிறது. கழுத்தும் மார்பும் ஆரஞ்சு நிறம். வயிறு வெள்ளை. வாலை விசுக்கென்று ஒரு முறை ஆட்டியது. பறந்து போய்க் காற்றில் எதையோ கவ்விக் கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தது.

"மீன்கொத்தி" என்றேன் நான், எல்லாம் தெரிந்தவன் போல. நீல முதுகு, செம்மஞ்சள் வயிறு, பக்கத்தில் ஓடை, வேறென்ன வேண்டும்? ஸ்டேஷனிலும் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். மகள் ஒப்புக் கொள்ளவில்லை. "மீன்கொத்திக்கு அலகு இவ்வளவு நீளம் இருக்கும் அப்பா. இதற்கு முள் மாதிரி இத்துனூண்டு இருக்கிறது" என்றாள். ரூர்கேலாவில் பழைய புத்தகக் கடையில் சாலிம் அலி அவர்களின் பறவை நூல் ஒன்று கிடைத்தது. 1941இல் முதலில் வெளிவந்து பல பதிப்புகள் கண்ட நூல் அது. அதைப் புரட்டிப் பார்த்து மகளே பெயரைக் கண்டுபிடித்தாள். டிக்கல் நீல ஈப்பிடிப்பான். ஸ்டேஷனில் என் மீன்கொத்தியைத் திரும்பப் பெற்றுக் கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இப்பறவை அரிதானது என்று எண்ண வேண்டாம். இமயமலையின் உயரங்களுக்கும் மேற்கே பாலைவனத்துக்கும் போகாதே தவிர, இந்தியாவின் பெரும்பகுதியில் காட்டோரங்களிலும் மூங்கில் புதர்களிலும் குடியிருக்கிறது. இலங்கையிலும் உண்டு, அங்கே நிறம் சற்று ஆழ்ந்தது. நீளம் 14 அல்லது 15 சென்டிமீட்டர். ஊர்க்குருவி அளவுதான். நம் நாட்டு ஈப்பிடிப்பான்களில் பல, குளிர்காலத்தில் மட்டும் வடக்கேயிருந்து வந்து போகிறவை. கழுத்துச் சிவந்த சிறிய ஈப்பிடிப்பான் அப்படிப்பட்டது. இதுவோ ஆண்டு முழுவதும் ஒரே ஓடை, ஒரே புதர் என்று இருக்கும். இதைப் போலவே இருக்கும் இன்னொரு பறவைக்கு நீலக் கழுத்து ஈப்பிடிப்பான் என்று பெயர். அதற்குக் கழுத்து வரையில் நீலம். மார்பில்தான் செம்மஞ்சள் தொடங்கும். நம் குருவிக்கு அலகின் அடியிலிருந்தே செம்மஞ்சள். பெண் குருவிக்கு இதே நிறங்கள்தாம், ஆனால் பல முறை வெளுத்த துணியைப் போல மங்கியிருக்கும்.

இவ்வளவு அழகான பறவையைப் பார்த்தவர் ஏன் இத்தனை குறைவு என்று யோசித்தேன். அது வெயிலுக்கு வருவதில்லை. நிழலுக்குள்ளேயே இருக்கும்; நிழலில் நீலம் கறுப்பாகத் தெரியும். மேலும், மற்றப் பறவைகள் அடங்கிய பிறகும் அந்தி மயக்கத்தில் அது பூச்சி பிடித்துக் கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நாம் பறவை பார்க்கப் போவதில்லை. வீட்டு விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறோம். இருட்டிய பிறகும் பின்வாசலில் உட்கார்ந்திருக்கிறவருக்குத்தான் அது அகப்பட்டது.

டிக்கல் என்பவர் யார் என்று மகள் கேட்டாள். இப்பொழுது கைப்பேசியிலேயே பழைய ஏடுகளைத் தேடிப் படிக்க முடிகிறது. படித்தபொழுது எனக்கு மிகுந்த வியப்பு உண்டாயிற்று. அவர் நம் பக்கத்து மனிதர்! சாமுவேல் ரிச்சர்ட் டிக்கல் 1811இல் கட்டக்கில் பிறந்தவர். கம்பெனிப் படையில் சேர்ந்த வாலிபராக இந்தச் சோட்டா நாகபுரிக் காடுகளில் சுற்றியவர். பராபூம், தால்பூம் ஆகிய இடங்களின் காடுகளில் தாம் சேகரித்த பறவைகளைப் பற்றி 1833இல் வங்காள ஆசியக் கழகத்தின் ஏட்டில் ஒரு பட்டியல் வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 22. ஜாம்ஷெட்பூர் அமைந்துள்ள உட்கோட்டத்துக்கு இன்றும் தால்பூம் என்றே பெயர். பராபூம் என்ற ஸ்டேஷனோ, சாண்டிலிலிருந்து புருலியா போகும் வழியில் இருக்கிறது. டாட்டாநகர் அன்பர்கள் பலர் அதைக் கடந்து போயிருப்பார்கள். ஆலையும் ரயிலும் வருவதற்கு வெகு காலம் முன்பு அங்கே ஒருவர் குருவி பார்த்துக் கொண்டிருந்தார்.

கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் பொருட்காட்சிச் சாலையைப் பார்த்துக் கொண்டவர் எட்வர்டு பிளைத். அவர்தாம் 1843இல் இந்த ஈப்பிடிப்பானைப் பற்றி முதலில் எழுதி, அதற்கு டிக்கல் என்னும் பெயரைச் சூட்டினார். டிக்கலின் முயற்சி பறவையோடு நிற்கவில்லை. ஹோ மக்களைப் பற்றியும் அவர்கள் மொழியின் இலக்கணத்தைப் பற்றியும் 1840இல் எழுதியிருக்கிறார். நான் மூன்று ஆண்டுகளாக இங்கே இருந்து ஹோ மொழியில் கற்றது "ஜோஹார்" என்ற வணக்கமும் இருபது சொற்களுமே.

டிக்கல் பிற்பாடு பர்மாவில் நெடுங்காலம் பணியாற்றி 1865இல் ஓய்வு பெற்றார். நன்றாகப் படம் எழுதக் கூடியவர். இந்தியப் பறவைகளைப் பற்றி ஏழு பாகங்களில் ஒரு பெரிய நூல் எழுதத் திட்டமிட்டிருந்தார். 1870இல் பிரான்சு தேசத்தில் பிரிட்டனி என்னும் பகுதியில் இருந்தபொழுது அவருக்குக் கண்ணில் அழற்சி கண்டது. பார்வை சிறிது சிறிதாகப் போய்விட்டது. முடிவு பெறாத கையெழுத்துப் பிரதியை லண்டன் விலங்கியல் கழகத்துக்குக் கொடுத்துவிட்டு, 1875இல் காலமானார்.

இதையெல்லாம் மகள் பின்வாசலில் உட்கார்ந்து தாத்தாவுக்குத் தமிழில் சொல்லிக் கொண்டு வந்தாள். கடைசிப் பகுதி வந்ததும் நான் ஜாடை காட்டினேன், அவள் கவனிக்கவில்லை, சொல்லிவிட்டாள். தந்தையார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"கண்ணு போன பொறகு அவரு கூட யாரு இருந்தாக, தாயி?" என்று கேட்டார்.

நாங்கள் இருவரும் விடை கூறவில்லை. ஓடைப் பக்கம் அந்தக் குருவி கூவத் தொடங்கியது. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கொண்டார்.

இதற்கு நாலைந்து நாளைக்குப் பிறகுதான் கூட்டைக் கண்டோம். ஓடைக்குச் சிறிது கிழக்கே, குன்றை வெட்டிப் பாதை போட்ட இடத்தில், மண் சரியாமல் இருக்கக் கருங்கல்லால் ஒரு தாங்கு சுவர் கட்டியிருக்கிறார்கள். சுவருக்குப் பின்னால் ஊறும் மழைநீர் வெளியேறுவதற்காக அதில் வரிசை வரிசையாகத் துளைகள் உண்டு. 'வீப் ஹோல்' என்பார்கள். அவற்றில் ஒன்றுக்குள் பெண் குருவி பூச்சியோடு நுழைந்து வெறும் அலகோடு வெளியே வருவதை, சுவருக்கு எதிரே உள்ள ஒற்றையடிப் பாதையிலிருந்து மகள் பார்த்துவிட்டாள். இக்குருவி மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் ஓடைக்கரை மண்ணின் குழியிலும் கூடு கட்டும். மூன்று முதல் ஐந்து முட்டை வரையில் இடும். இங்கே ரயில்வேயின் செலவில் கட்டிய குழியில் இட்டிருந்தது. உள்ளே குஞ்சுகள் நான்கு.

வேறு மாதமாக இருந்தால் சந்தோஷப்பட்டுவிட்டுப் போயிருப்போம். இது வைகாசி. ஜூன் நடுவில் இங்கே பருவமழை பிடிக்கும். அதற்கு முன் சாக்கடைகளைத் தூர்வாரி, வீப் ஹோல்களில் அடைத்திருக்கும் மண்ணையும் வேரையும் கம்பி விட்டுக் குத்தி எடுத்துவிட வேண்டும். துளை அடைபட்டால் சுவருக்குப் பின்னால் நீர் தேங்கும். நீரின் அழுத்தத்தில் சுவர் முன்புறம் புடைக்கும். சரிந்தால் பாதையின் மேல் விழும். இது விளையாட்டு அன்று. நூற்றுக்கணக்கான உயிர்கள் அந்த வழியே ஒவ்வொரு மணி நேரமும் போகின்றன. டிராக்மேன்கள் கம்பிகளோடு மேற்குக் கோடியில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள் என்று மறுநாள் காலையில் அறிந்தேன்.

நான் வணிகப் பிரிவுக் குமாஸ்தா. பாதையின் பராமரிப்பில் எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஒரு குருவிக்காக வேலையை நிறுத்துங்கள் என்று எழுதினால் சிரிப்பார்கள், சிரிப்பது நியாயமும்கூட. ஆயினும் மாலையில் பின்வாசலுக்குப் போய் என் தந்தையாரிடம் "அது இனிக் கூவாது" என்று சொல்ல வேண்டி வருமோ என்று எண்ணியபொழுது கால் தானாகவே அந்த மேட்டின் குடிசைப் பக்கம் போயிற்று. மேட்டு என்றால் டிராக்மேன்களின் தலைவர். ஹோ மனிதர், ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே இருந்தன. அரைகுறை இந்தியில் என் சங்கதியைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் குருவிக்குத் தம் மொழியில் ஒரு பெயர் சொன்னார். இரண்டு முறை சொல்லியும் என் நாவுக்கு அது வசப்படவில்லை.

நேரில் வந்து சுவரைப் பார்த்தார். துளையின் கீழும் பக்கத்திலும் உள்ள துளைகளை முதலில் சுத்தம் செய்யச் சொன்னார். பிறகு அந்த ஒன்றின் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார். சுற்றியுள்ளவை திறந்திருந்தால் சில நாள் ஒன்று அடைபட்டிருப்பதால் கெடுதல் இல்லை என்றும், இதைக் கடைசியில் எடுப்பதாகவும், ஆனால் பெருமழை பிடித்துச் சுவர் கசியக் கண்டால் குருவியைப் பாராமல் கம்பியை விட்டுவிடுவேன் என்றும் தெளிவாகச் சொன்னார். அதற்கு மேல் நான் என்ன கேட்க முடியும்?

அன்று முதல் தினமும் மாலையில் மகள் தாத்தாவின் கையைப் பிடித்து ஒற்றையடிப் பாதை வழியே அழைத்துச் செல்வாள். சுவருக்கு எதிரே ஒரு கல்லில் அவரை உட்கார வைப்பாள். ஆண் குருவியும் பெண் குருவியும் எத்தனை தடவை வருகின்றன என்று அவள் எண்ணுவாள். குஞ்சுகளின் சத்தம் நேற்றைவிடக் கூடியிருக்கிறதா என்று அவர் சொல்லுவார். வேலை முடிந்த மேட்டும் சில நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ஒருவருக்குத் தமிழ் தவிர ஒன்றும் தெரியாது. மற்றவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. மேட்டு சால இலையில் புகையிலையைச் சுருட்டிக் கொடுப்பார். தந்தையார் மடியிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுப்பார். அவரவர் மொழியில் அவரவர் பேசிக் கொள்வார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால், "மழை நாளையோ நாளன்னைக்கோ வரும்னு சொல்லுதாரு" என்பார் தந்தையார். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்பதில்லை.

ஆறாம் நாள் இரவு இடியும் காற்றுமாக வந்தது. பருவமழை அன்று, அதற்கு முந்திய கோடைமழை. இரண்டு மணி நேரம் கொட்டியது. தந்தையார் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. இருவரும் தூங்குவது போலப் படுத்திருந்தோம். விடியுமுன் டார்ச் விளக்கோடு போனேன். எனக்கு முன்பாகவே மேட்டு அங்கே கையில் கம்பியுடன் நின்றார். அவர் நிற்பது முறைதான். மழை பெய்த இரவில் பாதையைப் பார்ப்பது அவர் கடமை. சுற்றியுள்ள துளைகளிலிருந்து செந்நீர் குழாய் திறந்தாற்போல வழிந்து கொண்டிருந்தது. கூடிருந்த துளையிலிருந்து மட்டும் ஒரு சொட்டும் இல்லை. சுவரைக் கையால் தடவி, பல இடத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, அவர் கம்பியைத் தோளில் போட்டுக் கொண்டு நடந்தார். சற்று வெளிச்சம் வந்ததும் பெண் குருவி வாயில் ஏதோ புழுவுடன் வந்து உள்ளே நுழைந்தது.

ஒன்பதாம் நாள் குஞ்சுகள் வெளியேறிவிட்டன. உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக, நீலமே தெரியாமல், மூங்கில் தூரில் அவை உட்கார்ந்திருந்ததை மகள் பார்த்தாள். மூன்றுதான் அவள் கண்ணுக்கு அகப்பட்டன. நான்காவது என்ன ஆயிற்று என்று தெரியாமல் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டிருந்தாள். மறுநாள் காலை மேட்டு துளையைச் சுத்தம் செய்துவிட்டு, கூட்டை உடையாமல் எடுத்து, சால இலைத் தொன்னை ஒன்றில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தார். நேரே பின்வாசலுக்குப் போய்த் தந்தையாரின் கையில் கொடுத்தார்.

தந்தையார் அதை மடியில் வைத்துக் கொண்டு விரலால் வெகு நேரம் தடவினார். "பாசி... காஞ்ச எலை... இது புல்லு வேரு... இது என்னது, சணலா?" என்றார். பார்த்தேன். ஆம், பார்சல் ஆபீசில் நாங்கள் மூட்டை தைக்கும் சணல் நூல் ஒரு விரல் நீளம் அதில் பின்னியிருந்தது.

நம் அன்பர்கள் இங்கே வர விரும்பினால் பங்குனி முதல் வைகாசி வரையில் வரலாம். சக்ரதர்பூரிலிருந்து பாசஞ்சர் வண்டியில் வந்தால் குன்றுகளை நன்றாகப் பார்த்துக் கொண்டு வரலாம். யானை நடமாட்டம் உள்ள இடமாதலால் உள்ளூர் ஆள் துணையின்றிக் காட்டுக்குள் போக வேண்டாம். குருவிக்காகக் காட்டுக்குள் போக வேண்டியதும் இல்லை; மூங்கில் உள்ள ஓடைக்கரை எதுவானாலும், விளக்கு வைக்கும் நேரத்தில் பத்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்தால் போதும். ஊருக்குப் போகும்பொழுது அங்கேயும் உட்கார்ந்து பாருங்கள்.

சொன்ன சொல் தவறாமல் ஆனி மாதத்தில் தந்தையாரை ஊரில் கொண்டு போய் விட்டேன். பக்கத்து வீட்டு மதினி காலையும் மாலையும் சொட்டு மருந்து விட இசைந்திருக்கிறாள். திரும்பி வந்ததும் மேஜை அறையிலிருந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். சீனியாரிட்டி போகட்டும். எப்பொழுது உத்தரவு வரும் என்பது மட்டும் என் கையில் இல்லை.

ஞாயிறுதோறும் மாலையில் தந்தையாருடன் கைப்பேசியில் பேசுவேன். பேச்சின் நடுவில், "சித்த சும்மா இரு" என்று சொல்லிவிட்டு அவர் போனை ஓடைப் பக்கம் நீட்டிப் பிடிப்பார். எனக்குக் காற்றின் இரைச்சல்தான் கேட்கும்.

"கேக்குதாய்யா?" என்பார்.

"கேட்கிறது அப்பா" என்பேன்.